திரும்பி வரும் நோயாளியும் மூளை ஆராய்ச்சியும்

(அம்பத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பக்கவாதத்தால் பேச்சை இழந்து பல ஆண்டுகள் படுக்கையில் கழித்த தம் தந்தையாரின் நினைவைப் போற்றும் பொருட்டு, அவர் பெயரால் மண்டபமோ தோரணவாயிலோ எழுப்பாமல், மூளையையும் நரம்பு மண்டலத்தையும் பற்றும் நோய்கள் குறித்து ஆண்டுக்கொருமுறை பொதுமக்களுக்கு விளங்கும் தமிழில் ஒருவரைப் பேசச் செய்ய வேண்டும் என்று இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தினர் கொண்ட சங்கல்பத்தை மிக உயர்ந்த தர்மமாகவே நான் கருதுகிறேன். பசித்தவனுக்குச் சோறிடுவதும் பிணியாளனுக்கு மருந்திடுவதும் போலவே, நோயைப் பற்றிய தெளிவை அளிப்பதும் தர்மமே. அதிலும் அறியாமையும் அச்சமும் அவமானமும் ஒருங்கே சூழ்ந்து நிற்கும் மூளை நோய்களைப் பொறுத்தவரை, தெளிவு பிறந்தாலே பாதிச் சிகிச்சை முடிந்தது எனலாம்.

இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்ட பொருள், மூளை நரம்பியல் ஆராய்ச்சிக்குத் தமிழ்நாடு அளித்துள்ள பங்கும், அதில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்கு வட்டாரத்தைச் சேர்ந்த நாம் ஏற்க வேண்டிய பொறுப்பும் ஆகும். ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டவுடன், குளிரூட்டிய அறைகளில் கோடிக்கணக்கான ரூபாய் விலையுள்ள யந்திரங்களின் நடுவே நமக்குச் சம்பந்தமில்லாத மேதாவிகள் நடத்தும் காரியம் என்ற எண்ணமே நம்மில் பலருக்குத் தோன்றுகிறது. யந்திரங்களின் அவசியத்தை நான் மறுக்க வரவில்லை. ஆயினும், நம் மண்ணில் மூளை நோய்களைப் பற்றிக் கண்டறியப்பட்டு உலக வைத்திய சமூகம் ஏற்றுக்கொண்ட உண்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது, அவற்றுக்கெல்லாம் ஆதாரமாக இருந்தவர்கள், நோயாளியை ஒருமுறை பார்த்து மருந்தெழுதியதோடு நின்றுவிடாமல் மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் பின்தொடர்ந்து கவனித்த வைத்தியர்களும், அவ்வாறு கவனிக்கப்படுவதற்காகத் திரும்பத் திரும்ப வந்து நின்ற சாமானிய நோயாளிகளுமே என்பது புலனாகும். இதை நிலைநாட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நெடுஞ்சாலையும் அதன் சரித்திரமும்

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே, சென்னை மக்கள் இன்றும் பெரியாஸ்பத்திரி என்று அழைக்கும் அரசுப் பொது மருத்துவமனையின் பக்கமாகத் தொடங்கி மேற்கு நோக்கிச் செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலை, கீழ்ப்பாக்கத்தையும் அமைந்தகரையையும் கோயம்பேட்டையும் கடந்து, மதுரவாயல், வேலப்பன்சாவடி வழியாகப் பூந்தமல்லியை அடைந்து, அப்பால் தண்டலம், ஸ்ரீபெரும்புதூர் என்று வேலூர்த் திசையில் நீண்டு செல்கிறது. இந்தச் சாலையின் இரு முனைகளிலும்தான் இந்தியாவின் நவீன நரம்பியல் வைத்தியம் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்விழித்தது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் மகா நிபுணரிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி, 1949-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, சீர்காழியில் பிறந்து இங்கிலாந்தில் பயிற்சி பெற்று வந்த பி. ராமமூர்த்தி, சென்னைப் பொது மருத்துவமனையில் அத்தகைய துறைக்கு அஸ்திவாரமிட்டார். இவ்விருவரும், எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய இருவரும் கூடி 1951-இல் இதே சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை ஸ்தாபித்தனர்.

அவர்கள் கையில் அன்று இருந்த கருவிகளை நினைத்துப் பார்த்தால் வியப்பு உண்டாகிறது. முழங்காலைத் தட்டிப் பார்க்க ஒரு சிறு ரப்பர்ச் சுத்தியல், அதிர்வை உணர்கிறாரா என்று பார்க்க ஓர் இசைக்கவை, தொடு உணர்ச்சியைச் சோதிக்கப் பஞ்சும் குண்டூசியும், மிஞ்சினால் முதுகுத்தண்டின் வழியாகக் காற்றைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயும், ரத்தக் குழாயில் சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரேயும், இவ்வளவே. மூளையோ எலும்புப் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கும் உறுப்பு. ஆகவே உள்ளே நடப்பதை அறிவதற்கு நரம்பியல் வைத்தியருக்கு வாய்த்த மிகச் சிறந்த சாதனம் காலமே. ஒருவருக்கு வலக்கை செயலிழந்துவிட்டது என்றால், அது நிமிஷ நேரத்தில் நேர்ந்ததாயின் ரத்தக் குழாயின் கோளாறு. சில நாட்களில் முற்றியதாயின் தொற்றோ அழற்சியோ. மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்ததாயின் கட்டி. பல வருஷங்களாகத் தேய்ந்து வந்ததாயின் நரம்பணுக்களின் சிதைவு என்று, நோய் நடந்து வந்த வேகத்தைக் கொண்டே அதன் குணத்தை முதலில் ஊகிக்கும் முறையை இன்றும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். நோயின் வேகத்தை அறிய நோயாளியின் வாய்மொழி வேண்டும். அந்த ஊகம் சரியா என்று அறிய அவர் மறுபடியும் வர வேண்டும்.

மறைந்துபோன புள்ளி

இதற்கு நான் காட்டக்கூடிய சிறந்த திருஷ்டாந்தம் வேலூரில் நிகழ்ந்தது. அதைச் சொல்வதற்கு முன், நம் வட்டாரத்தில் அடிக்கடி காணும் ஒரு காட்சியை விவரிக்கிறேன். திருமுல்லைவாயிலிலோ பட்டாபிராமிலோ ஒரு வீட்டில், அதுவரை நோய்நொடி அறியாத பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது, வாய் ஒரு பக்கமாகக் கோணி, கை வெட்டி வெட்டி இழுத்து, நினைவிழந்து கீழே விழுகிறான். வீட்டிலுள்ளோர் பதறியோடி அவன் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். பக்கத்து வீட்டார் காக்காய் வலிப்பு என்று சொல்லிவிட்டு விலகி நிற்கிறார்கள். இரண்டு நிமிஷத்தில் இழுப்பு தானாகவே அடங்குகிறது. அடங்கியது சாவியால்தான் என்ற நம்பிக்கை மட்டும் அந்தத் தெருவில் உறுதிப்படுகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளையின் மேற்பரப்பை ஒட்டி, சுற்றிலும் சிறிது வீக்கத்துடன், பட்டாணி அளவில் ஒரு வளையம் தெரிகிறது.

ஸ்கேன் கருவி இந்தியாவுக்கு வந்த புதிதில் இந்த வளையம் வைத்தியர்களைப் பெரிதும் குழப்பியது. காசநோய் மலிந்த நாடு இது ஆகையால், இது காசநோய்க் கட்டியே என்று பலர் முடிவுசெய்து, மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேலாக, காசநோய் மருந்துகளைக் கொடுத்துவந்தனர். சில மாதங்களில் வளையம் மறைந்தது. மருந்து பலித்துவிட்டது என்று அபிப்பிராயமும் நிலைத்தது. ஆனால் வலிப்பைத் தடுக்கும் மாத்திரைகளைத் தவிர வேறெதுவும் உட்கொள்ளாத நோயாளிகள் சிலர் மறுபடியும் ஸ்கேனுக்கு வந்தபோது, அவர்களுடைய வளையமும் அதேபோல மறைந்திருந்தது! வேலூர் மருத்துவக் கல்லூரியின் அறுவைச் சிகிச்சை நிபுணர்களாகிய மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் இதைப் புறக்கணித்துவிடவில்லை. அறுவைச் சிகிச்சையில் அகற்றிய இத்தகைய புள்ளிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றில் பல நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி மடிந்ததால் உண்டான அழற்சியே என்று கண்டு, 1989-இல் லான்செட் என்னும் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியிட்டனர். பின்னர், எந்த நோயாளிக்கு அறுவையும் வேண்டாம், காசநோய் மருந்தும் வேண்டாம், வலிப்பு மாத்திரையுடன் பொறுத்திருந்து மறு ஸ்கேன் எடுத்தால் போதும் என்று பிரித்தறிவதற்கான இலக்கணத்தையும் வகுத்து, அதையும் பல நோயாளிகளைப் பின்தொடர்ந்து சோதித்துப் பார்த்தனர். புள்ளியின் அளவு இருபது மில்லிமீட்டருக்கு உட்பட்டிருத்தல், மூளை அழுத்தத்தின் அறிகுறிகள் இல்லாதிருத்தல், கைகால் பலவீனம் நாளுக்கு நாள் கூடாதிருத்தல், உடலில் வேறெங்கும் காசநோய் காணப்படாதிருத்தல் ஆகியவை அந்த இலக்கணத்தின் முக்கிய அம்சங்கள். எத்தனையோ குழந்தைகளின் மண்டையோடு திறக்கப்படாமல் தப்பியதற்கும், எத்தனையோ பேர் தேவையற்ற மருந்தின் உபத்திரவத்திலிருந்து விடுபட்டதற்கும் காரணமாயிருந்தது இந்த ஞானமே.

இந்நோய் பன்றி இறைச்சி உண்பவர்களுக்கு மட்டுமே வரும் என்ற எண்ணம் தவறானது என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டும். சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்டவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவருடைய மலத்தோடு வெளிப்படும் முட்டைகள், கழுவாத கையின் வழியாகவோ, அசுத்த நீர் பாய்ந்த கீரையின் வழியாகவோ, பிறந்தது முதல் சைவமே உண்டு வளர்ந்த ஒருவரின் வயிற்றிலும் சென்று சேரலாம். முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணுயிர் ரத்தத்தோடு மூளையை அடைந்து நீர்ப்பையாகத் தங்குகிறது. அது மடியும் காலத்தில் எழும் அழற்சியே வலிப்பாக வெளிப்படுகிறது. வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்ட மக்களிடையே வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இதுவே காரணம் என்று தெரியவந்தது. ஆகவே கழிப்பறையும், சுத்தமான குடிநீரும், சோப்பிட்டுக் கை கழுவும் வழக்கமும் மூளை நோய்த் தடுப்பு முறைகளே ஆகும். பேயென்றும் பில்லிசூனியமென்றும் பூர்வஜன்ம பாவமென்றும் சொல்லிப் பெண்ணுக்குக் கல்யாணமே நடக்காமல் செய்துவந்த ஒரு நோய்க்கு, மூன்றில் ஒரு பங்கு காரணம் கழுவாத கீரையும் கழுவாத கையும்தான் என்று அறிவது எத்தகைய விமோசனம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நகரின் பெயர் தாங்கிய நோய்

உலக நரம்பியல் நூல்களில் நம் நகரத்தின் பெயரையே தாங்கிய ஒரு நோய் உண்டு. அதை மதராஸ் மோட்டார் நியூரான் நோய் என்று வழங்குகிறார்கள். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிதைந்து, கைகால்கள் மெலிந்து, கடைசியில் விழுங்கவும் மூச்சுவிடவும் இயலாமற்போகும் நோய்வகை ஒன்று உலகெங்கும் உள்ளது. பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களைப் பற்றுவது, பெரும்பாலோரைச் சில ஆண்டுகளிலேயே கொண்டுபோய்விடுவது. ஆனால் சென்னைப் பொது மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளில் சிலர் வேறுவிதமாக இருந்தனர். அவர்கள் இளம்பிராயத்தினர், கைகால் மெலிவு இருபுறமும் சமமாக இராமல் ஒருபுறம் மிகுந்திருந்தது, முகத்தசைகளும் நாவும் பலவீனப்பட்டிருந்தன, எல்லாவற்றிலும் விசித்திரமாக, பலருக்குக் காது கேட்கும் சக்தியும் குறைந்திருந்தது. அதைவிட முக்கியமாக, பாடநூல் குறித்த கெடு கடந்தும் அவர்கள் உயிரோடிருந்தனர். ஆண்டுகள் பல சென்றும் நோய் மிக மெதுவாகவே நகர்ந்தது. 1970-ஆம் ஆண்டில் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் இதை ஒரு தனி வகையாக விவரித்து எழுதினர். பின்னர் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் இத்தகையோர் அடையாளம் காணப்பட்டனர். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் இவர்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளது.

முதல் நாள் பரிசோதனையில் தெரிவது மெலிவும் செவிட்டுத்தன்மையும் மட்டுமே. இது கொல்லும் நோயன்று, நெடுநாள் உடனிருக்கும் நோய் என்ற பேருண்மை, ஐந்தாண்டு கழித்தும் பத்தாண்டு கழித்தும் அந்த இளைஞர்கள் அதே புறநோயாளிப் பகுதியின் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததால் மட்டுமே வெளிப்பட்டது. உன் பிள்ளை இன்னும் இரண்டு வருஷம்கூட இருக்கமாட்டான் என்று ஒரு தாயிடம் சொல்வதற்கும், மெலிவோடும் கேளாமையோடும் அவன் பல காலம் வாழ்வான், படிக்க வையுங்கள், காதுக்குக் கருவி வாங்கிக் கொடுங்கள் என்று சொல்வதற்கும் உள்ள தாரதம்மியத்தைச் சொற்களால் அளக்க முடியுமோ?

தொண்ணூறு பேரின் இருபது ஆண்டுகள்

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவமனையின் மூலம் 1794-ஆம் ஆண்டு வரை செல்கிறது. 1871-இல் அது இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பெறும் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்து, பூட்டிய கூடங்களாயிருந்த அந்த ஸ்தலத்தை உண்மையான வைத்தியசாலையாக மாற்றப் பாடுபட்டார். ஓய்வுபெற்ற பிறகும் ஓயாமல், மனச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சி நிறுவனமாகிய ஸ்கார்ஃபை 1984-இல் தோற்றுவித்தார். அம்பத்தூரிலிருந்து பாடியைக் கடந்தால் அண்ணா நகரின் மேற்கு விஸ்தரிப்பில், நம் வாசலுக்கு வெகு அருகிலேயே அது இயங்கிவருகிறது.

மனச்சிதைவு ஒருமுறை வந்தால் வாழ்க்கை முடிந்தது என்பதே நெடுங்கால அபிப்பிராயமாக இருந்தது. அதைச் சோதித்தறிய 1980-களின் தொடக்கத்தில், முதன்முறையாக இந்நோய்க்கு ஆளான 90 பேரைக் கொண்டு சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. ஆர். தாராவும் அவருடைய சகாக்களும் அவர்களைப் பத்து ஆண்டுகள், பின்னர் இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து, யார் வேலைக்குப் போகிறார், யாருக்கு மணமாயிற்று, யாருக்கு நோய் திரும்பியது, யார் காலமானார் என்று குறித்துவந்து வெளியிட்ட முடிவுகள், மதராஸ் நெடுங்கால ஆய்வு என்னும் பெயரால் உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றன. அவர்களில் பெரும்பான்மையோருக்கு நோய் தணிவதும் சில வேளை தலைதூக்குவதுமாகவே இருந்தது. இடையறாது நோயிலேயே மூழ்கியிருந்தவர் மிகச் சிலரே. வாடகை வீடு மாறி மாறிப் போகிறவர்களும், நோய் இருந்ததையே சம்பந்தி வீட்டாரிடமிருந்து மறைக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களும் நிறைந்த நம் நகரில், இருபது ஆண்டுகள் ஒரு நோயாளியின் விலாசத்தைத் தவறவிடாமல் இருப்பது எத்தகைய தபஸ் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

தரணி

அண்மைக் காலத்துக்கு வருகிறேன். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், தாயின் கருவில் பதினான்கு வாரம் முதல் இருபத்து நான்கு வாரம் வரை வளர்ந்த சிசுக்களின் மூளையை மிக மெல்லிய சீவல்களாக்கி, ஒவ்வொன்றையும் உயிரணுக்கள் தனித்தனியே தெரியும் அளவுக்குப் படமெடுத்து, அப்படங்களை முப்பரிமாணத்தில் இணைத்து, தரணி என்னும் பெயரில் டிசம்பர் 2024-இல் உலகுக்கு வழங்கியது. அதில் அடங்கிய சீவல்கள் 5,132. உலகின் எந்த மூலையிலுள்ள விஞ்ஞானியும் கட்டணமின்றி அதைப் பார்க்கலாம். இந்தப் பணியில் சென்னையின் மெடிஸ்கேன் நிறுவனத்தோடு, பூந்தமல்லிக்கு மேற்கே தண்டலத்தில், நாம் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பங்குகொண்டது என்பதை இச்சபையில் எத்தனை பேர் அறிவீர்கள்? பேசக் கற்பதில் பின்தங்குவது, பிறரோடு ஒட்டாமலிருப்பது, பிறவியிலேயே வரும் வலிப்பு முதலிய குறைகள் பலவற்றின் வேர் கருவில் மூளை உருவாகும் அந்த வாரங்களில் இருக்கிறது என்பதால், இயல்பான வளர்ச்சியின் வரைபடம் கையில் இருந்தாலொழிய பிறழ்ச்சியை அறிய இயலாது.

யந்திரத்தின் மகிமையை இதைவிடச் சிறப்பாகக் காட்டும் காரியம் வேறில்லை. ஆயினும் இதன் மூலாதாரமும் மனிதரின் தியாகமே. கருவிலேயே சிசுவை இழந்த துக்கத்தின் நடுவில், இன்னொருவர் குழந்தைக்காவது உதவட்டும் என்று யாரோ சில பெற்றோர் சம்மதம் தந்திருக்காவிட்டால் அந்தப் படங்களில் ஒன்றுகூட இராது.

ஞாபகமில்லாதவரின் உதவி

ஜேக்கப் சாண்டி பயின்ற அதே மாண்ட்ரியல் நகரத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு வரலாற்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1953-ஆம் ஆண்டு, அடங்காத வலிப்புக்காக அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்னும் இளைஞரின் மூளையில் இருபுறமும் ஒரு பகுதி அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது, ஆனால் அன்று முதல் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ளும் சக்தியை அவர் இழந்தார். மாண்ட்ரியலைச் சேர்ந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் பல்லாண்டுகள் அவரைச் சோதித்துவந்தார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மையாரை அவர் முதன்முறையாகச் சந்திப்பவர் போலவே வரவேற்றார். அவ்வளவு இருந்தும், தமக்குச் சொந்தப் பலன் எதுவும் இல்லாத சோதனைகளுக்கு ஐம்பது ஆண்டுகள் இன்முகத்தோடு உட்பட்டார். ஞாபகம் மூளையின் எப்பகுதியைச் சார்ந்தது என்று இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்த ஒருவர் அளித்த கொடை. 2008-இல் அவர் காலமான பின் அவருடைய மூளையும் 2,401 சீவல்களாக ஆராயப்பட்டது.

நோயாளியை ஆராய்ச்சியின் வெறும் பொருளாக நினைப்பது எத்துணைப் பிழை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. ஆராய்ச்சியில் அவரும் ஒரு பங்காளி. பங்காளிக்கு உரிமைகள் உண்டு. சம்மதப் பத்திரத்தை அவருக்குப் புரியும் தமிழில் படித்துக்காட்டி, மறுக்க விரும்பினால் மறுக்கலாம், மறுத்தாலும் சிகிச்சையில் குறையேதும் வராது என்று உறுதிகூற வேண்டும். முடிவு வெளிவந்தபின், உங்களால் நாங்கள் அறிந்துகொண்டது இது என்று அவரிடம் திரும்பிச் சென்று சொல்ல வேண்டும். முன்னது சட்டத்தின் கட்டாயத்தால் ஓரளவு நடக்கிறது. பின்னது அநேகமாக நடப்பதே இல்லை. என் தொழிலைச் சேர்ந்தவர்களை நோக்கி நான் வைக்கும் முதல் விண்ணப்பம் இதுவே.

இந்த வட்டாரம் செய்யத்தக்கவை

இனி நம் கடமைக்கு வருவோம். 1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையும், அவற்றைச் சார்ந்து தெருவுக்குத் தெரு முளைத்த பட்டறைகளும் இந்தப் பூமியின் ஜீவநாடி. தொழிலோடு நரம்பு மண்டலத்துக்கு உள்ள தொடர்பை வைத்திய சாஸ்திரம் நெடுங்காலமாக அறியும். ஈயத்தின் தூசியையும் புகையையும் தொடர்ந்து சுவாசிப்பவருக்கு மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு பழுதுபட்டுக் கை தொங்கிப்போகலாம். பசைகளிலும் கரைப்பான்களிலும் உள்ள ஹெக்சேன் பாதங்களை மரத்துப்போகச் செய்யும். வெல்டிங் புகையிலுள்ள மாங்கனீசு மிகுதியாகச் சேர்ந்தால் நடை தளர்ந்து, முகம் சலனமற்றுப்போய், பார்க்கின்சன் நோயை ஒத்த நிலை உண்டாகலாம். இவ்வளவு தொழிலாளர்கள் இவ்வளவு நெருக்கமாக வாழும் இந்த வட்டாரத்தில், அவர்களுடைய நரம்பு நலத்தை ஆண்டுதோறும் பரிசோதித்துக் குறித்துவைக்கும் பதிவேடு ஒன்றை, தொழிற்பேட்டைச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிகளும் பூந்தமல்லியின் பொதுச் சுகாதார நிறுவனமும் கூடித் தொடங்கினால், அது தேசத்துக்கே உதவும். அதற்குக் கோடிகள் வேண்டியதில்லை; முன்பு சொன்ன ரப்பர்ச் சுத்தியலும் இசைக்கவையும், அவற்றை விட்டுவிடாமல் ஆண்டுக்கு ஆண்டு பயன்படுத்தும் சிரத்தையும் போதும்.

நோயாளிகளின் குடும்பத்தினரும் சிலவற்றை மனத்தில் இருத்த வேண்டும். பக்கவாதம் கண்ட ஒருவரைக் கொண்டுவரும்போது வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக நன்றாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள் என்பதே. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போடலாம் ஆகையால், ஐந்தே முக்காலுக்குப் பால் வாங்கும்போது பேசினார், ஆறே காலுக்குக் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்று ஒரு மருமகள் திட்டமாகச் சொன்னால், அந்தச் சொல்லே ஒரு கையை, ஒரு காலை, ஒரு பேச்சைக் காப்பாற்றும். வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், எத்தனை நிமிஷம் நீடித்தது, எந்தக் கை முதலில் இழுத்தது என்று கவனியுங்கள். ஐந்து நிமிஷத்தில் அடங்காவிட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இரும்புச் சாவி சுவரில் ஆணியிலேயே தொங்கட்டும்.

நம் அரசு மருத்துவமனைகளின் வாசலில் நோயாளிகள் வாங்கிக்கொள்ளும் நாற்பது பக்க நோட்டு ஒன்று உண்டு. மஞ்சள் பையில் ஸ்கேன் படத்தோடு சுருட்டி வைக்கப்பட்டு, எண்ணெய்க் கறை படிந்து, முனை மடங்கிக் கிடக்கும் அந்த நோட்டில், வைத்தியர் கிறுக்கிய நான்கு வரிகளும் மருந்தின் அளவும் தேதியும் இருக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அது பழைய காகிதக் கடைக்குப் போய்விடுகிறது. மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒரு ஸ்கேன் படம் கையில் இருந்தால் இன்றைய புள்ளி பழையதா புதியதா என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் செலவழித்தாலும் சொல்ல முடியாது. ரேஷன் கார்டையும் வீட்டுப் பத்திரத்தையும் காப்பாற்றுவது போல அதையும் காப்பாற்றுங்கள். நோய் தணிந்துவிட்டது, இனி எதற்குப் போவது, அரைநாள் சம்பளம் போகுமே என்று எண்ணி மறுபரிசோதனையைத் தவிர்ப்பவர்கள், தம் நலத்தோடு பிறர் நலத்துக்கும் பயன்படக்கூடிய ஓர் உண்மையை இழக்கிறார்கள். அந்த அரைநாளைச் சம்பளத்தோடு விடுமுறையாக வழங்குவது தொழிலதிபர்களுக்குப் பெரிய பாரமாகாது.

இந்த அறக்கட்டளையின் நிர்வாகிகளுக்கு ஒரு யோசனையைச் சமர்ப்பித்து முடிக்கிறேன். வருகிற ஆண்டு முதல் இச்சொற்பொழிவுக்கு முன் அரைமணி நேரத்தை ஒதுக்கி, இந்த வட்டாரத்து மக்கள் பங்குகொண்ட ஆய்வுகளின் முடிவுகளை, அவற்றை நடத்திய வைத்தியர்களே வந்து, பங்குகொண்டோரின் பெயர்களை வெளியிடாமல், எளிய தமிழில் எடுத்துரைக்க ஏற்பாடு செய்யுங்கள். தாம் கொடுத்த ரத்தமும் நேரமும் நம்பிக்கையும் என்ன ஆயின என்று கேட்கும் உரிமை இச்சபையில் உள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு. அதற்கு விடைகூறும் கடமை எங்களுக்கு உண்டு. அந்தக் கணக்கு ஒழுங்காகத் தீர்க்கப்படும் ஊரில் நோயாளிகள் திரும்பி வருவார்கள். நோயாளிகள் திரும்பி வரும் ஊரில் ஆராய்ச்சி தழைக்கும்.